முதியோர் ஊரில் ஒரு தூளி

(ஏற்காட்டில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நேற்று இருட்டும் நேரத்தில் இந்த ஊரின் லேடீஸ் சீட் மலைமுனையில் நின்றுகொண்டிருந்தேன். கீழே சேலம் நகரம் முழுக்க மூடுபனிக்குள் இருந்தது. நகரம் இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த மஞ்சளாக ஒரு வெளிச்சப் படலம் மட்டும் தெரிந்தது. அரை மணி நேரம் காத்திருந்தேன். காற்று திரும்பியது, பனி கலைந்தது. படலம் இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கான விளக்குகள் ஒவ்வொன்றாக முளைத்தன. ஒரு சாலை நெடுக ஆரஞ்சு கலந்த மஞ்சள். அவை பழைய சோடியம் விளக்குகள். அதற்கு அப்பால் பால்போல ஒரு வெள்ளை வரிசை. அவை பின்னால் வந்த எல்.இ.டி. விளக்குகள். மஞ்சள் எங்கே முடிகிறது, வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று கவனித்தால், எந்தத் தெரு பழையது, எந்தப் பகுதி புதிதாக வளர்ந்தது என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். பனி மூடியிருந்தபோது அங்கே ஓர் ஊர் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. பனி விலகியதும் அந்த ஊரின் வரலாறே தெரியத் தொடங்கியது.

இன்றைக்கு நான் பேசப்போவது இதே வேலையைப் பற்றித்தான். நான் காட்டப்போகும் ஊர்கள் மட்டும் சற்றுத் தொலைவில் இருக்கின்றன. இருபது, இருபத்தைந்து லட்சம் ஒளியாண்டுத் தொலைவு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலருக்குப் பூரட்டாதி, சிலருக்கு உத்திரட்டாதி பிறந்த நட்சத்திரமாக இருக்கும். பூரட்டாதியின் இரண்டு மீன்களும் உத்திரட்டாதியின் இரண்டு மீன்களும் சேர்ந்து வானத்தில் ஒரு பெரிய சதுரம் போடும். அந்தச் சதுரத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மீனைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கிக் காட்டினால், அங்கிருந்து வடக்கும் கிழக்குமாக ஒன்றரை முஷ்டி தூரத்தில், ஊதிவிட்ட திருநீறுபோல ஒரு மங்கலான புகைத்தடம் இருக்கும். அதுதான் ஆண்ட்ரோமெடா. நம் பால்வெளியைப் போன்ற, அதைவிடப் பெரிய ஒரு விண்மீன் மண்டலம். வெறும் கண்ணுக்குத் தெரியும் பொருள்களில் மிகத் தொலைவில் இருப்பவற்றுள் ஒன்று.

ஆண்ட்ரோமெடாவைச் சுற்றிச் சிறு மண்டலங்கள் பல உண்டு. அவற்றுள் நால்வரை மட்டும் இன்று அறிமுகப்படுத்துகிறேன். எம்.32, என்.ஜி.சி. 205, என்.ஜி.சி. 185, என்.ஜி.சி. 147. எம்.32 மிகவும் இறுகிய உருண்டை. மற்ற மூன்றையும் குறு நீள்வட்ட மண்டலங்கள் என்கிறோம். இவற்றில் சுருள் கைகள் கிடையாது. முட்டை வடிவில், நடுவே அடர்ந்து, ஓரத்தில் கரைந்து போகும் வெளிச்சம். அவ்வளவுதான் தோற்றம்.

இவற்றைக் கண்டுபிடித்தவர்களின் கதையில் நம் ஊர் வாசனையும் இருக்கிறது. எம்.32ஐ 1749இல் முதலில் கண்டவர் கியோம் லெ ஜான்டீல் என்ற பிரெஞ்சுக்காரர். இருபது ஆண்டு கழித்து, 1769 ஜூன் மாதம், சூரியனின் முகத்தை வெள்ளிக்கோள் கடப்பதைப் பார்ப்பதற்காகப் புதுச்சேரியில் காத்திருந்தவர் அவர்தான். சரியாக அந்த நேரத்தில் மேகம் வந்து மறைத்துவிட்டது. ஆனாலும் மனம் உடைந்து நின்றுவிடாமல், நம் பஞ்சாங்கக்காரர்கள் கிரகணத்தைக் கணிக்கும் முறையைக் கேட்டுக் கற்று, எழுதிவைத்துவிட்டுப் போனார். என்.ஜி.சி. 205ஐ 1773இல் சார்லஸ் மெசியே பார்த்தார். அது தெரியாமலேயே பத்து ஆண்டு கழித்துக் கரோலின் ஹெர்ஷல் தாமாகக் கண்டுபிடித்தார். அவருடைய அண்ணன் வில்லியம் 1787இல் என்.ஜி.சி. 185ஐக் கண்டார். அண்ணன் மகன் ஜான் 1829இல் என்.ஜி.சி. 147ஐக் கண்டார். மூன்று குறு மண்டலங்களுக்கும் ஒரே வீட்டிலிருந்து மூன்று கண்கள்.

இவர்கள் எல்லோரும் பார்த்தது என்ன? மூடுபனிக்குள் இருந்த சேலத்தைத்தான். வெளிச்சப் படலம் தெரிந்தது. உள்ளே இருக்கும் விளக்குகள் தனித்தனியாகத் தெரியவில்லை. அடுத்த நூறு ஆண்டுக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் பனியை விலக்கியவர் வால்டர் பாடே. ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு மேலே உள்ள மவுண்ட் வில்சன் வான்காணகத்தில் 1931 முதல் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போர் வந்தது. உடன் வேலை செய்தவர்கள் பலர் போர்ப் பணிக்குப் போய்விட்டார்கள். பாடே ஜெர்மானியர். ஆகவே எதிரி நாட்டவர் என்ற பட்டியலில் அவர் பெயர் இருந்தது. போர்ப் பணிக்கு அழைக்கவில்லை. அதனால் அந்த 100 அங்குலத் தொலைநோக்கி பல இரவுகள் அவர் கைக்கு வந்தது. இன்னொன்றும் நடந்தது. விமானத் தாக்குதலுக்குப் பயந்து கீழே நகரத்தின் விளக்குகளை அணைத்திருந்தார்கள். மலைக்கு மேலே வானம் பல ஆண்டுகளாக இல்லாத அளவுக்கு இருண்டது.

இருட்டு மட்டும் போதவில்லை. பாடே ஒரு முடிவுக்கு வந்தார். அதுவரை எல்லோரும் நீல ஒளியைப் பிடிக்கும் புகைப்படத் தகடுகளையே பயன்படுத்தினார்கள். ஆண்ட்ரோமெடாவின் சுருள் கைகளில் இருக்கும் நீல விண்மீன்கள் அந்தத் தகட்டில் விழுந்தன. ஆனால் இந்த உருண்டை மண்டலங்கள் மட்டும் எத்தனை முறை படம் எடுத்தாலும் படலமாகவே வந்தன. அப்படியென்றால் இங்கே பிரகாசமாக இருப்பவை சிவப்பு விண்மீன்களாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். சிவப்பைப் பிடிக்கும் தகட்டைப் போட்டார். அந்தத் தகடு மந்தமானது. மணிக்கணக்கில் ஒளியைக் காட்ட வேண்டும். நகரத்து வெளிச்சம் இருந்திருந்தால் அதற்குள் தகடே புகைந்துபோயிருக்கும். 1943இன் பிற்பகுதியில், இருண்ட இரவுகளில், தொலைநோக்கியை நூலிழை பிசகாமல் ஓட்டிக்கொண்டே அவர் எடுத்த தகடுகளில், பொடி தூவியதுபோல ஆயிரக்கணக்கான புள்ளிகள் விழுந்திருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு விண்மீன். எம்.32, என்.ஜி.சி. 205, ஆண்ட்ரோமெடாவின் நடுப்பகுதி, பிறகு 185, 147 என எல்லாமே பிரிந்து தெரிந்தன. 1944இல் அந்த முடிவுகள் வெளிவந்தன.

அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் பாடே விண்மீன்களில் இரண்டு குடிகள் உண்டு என்றார். சுருள் கைகளில் வாழும் நீல நிற, இளைய விண்மீன்கள் முதலாம் குடி. உருண்டை மண்டலங்களிலும் பெரிய மண்டலங்களின் நடுவிலும் வாழும் சிவந்த, முதிய விண்மீன்கள் இரண்டாம் குடி. இந்தப் பகுப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தொலைவை அளக்கப் பயன்படும் துடிக்கும் விண்மீன்களிலும் இரண்டு குடி இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக நினைத்து அளந்துவிட்டோம் என்பது இதன் வழியாகத் தெரிந்தது. 1952இல் அதைப் பாடே அறிவித்தபோது, ஆண்ட்ரோமெடா முன்பு நினைத்ததைவிட இரண்டு மடங்கு தொலைவுக்குப் போயிற்று. அதோடு சேர்ந்து மற்ற மண்டலங்களும் இரண்டு மடங்கு தள்ளிப்போயின.

சரி, ஒரு விண்மீன் இளையதா முதியதா என்று நிறத்தை வைத்து எப்படிச் சொல்வது? விளக்கு எண்ணெயை நினைத்துப் பாருங்கள். பெரிய திரி போட்டால் வெளிச்சம் அதிகம், எண்ணெய் சீக்கிரம் தீரும். சூரியனைப் போலப் பத்து மடங்கு எடை கொண்ட விண்மீன் நீலமாக, கொழுந்துவிட்டு எரியும். ஆனால் சில கோடி ஆண்டுகளிலேயே அதன் கதை முடிந்துவிடும். சூரியனுக்கு ஆயுள் சுமார் ஆயிரம் கோடி ஆண்டு. சூரியனைவிடச் சிறியவை இன்னும் நீண்டநாள் கனன்றுகொண்டிருக்கும். ஆகவே ஒரே சமயத்தில் பிறந்த விண்மீன் கூட்டத்தில் முதலில் போவது நீலப் பெரியவை. அடுத்து வெள்ளை. அடுத்து மஞ்சள். எந்த எடை வரைக்கும் விண்மீன்கள் மிச்சம் இருக்கின்றன என்று பார்த்தால் கூட்டத்தின் வயது கைக்கு வந்துவிடும்.

இதற்காக வானியலாளர்கள் ஒரு தாளில் கிடைக்கோட்டில் நிறத்தையும் நெடுங்கோட்டில் பிரகாசத்தையும் குறித்து, ஒவ்வொரு விண்மீனுக்கும் ஒரு புள்ளி வைக்கிறார்கள். புள்ளிகள் எந்தக் கோட்டில் கூடுகின்றன, எங்கே வளைந்து திரும்புகின்றன என்பதுதான் அந்த மண்டலத்தின் ஜாதகம்.

கிராமத்துக்குள் நுழைந்ததும் ஒரு வீட்டு விட்டத்தில் சேலைத் தூளி தொங்குவதைப் பார்த்தால், யாரையும் கேட்காமலே நமக்குத் தெரிந்துவிடும். இந்த வீட்டில் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. விண்மீன் மண்டலத்தில் கண்ணில் படும் நீலப் பெருமீன் அந்தத் தூளி. அது சில கோடி ஆண்டுக்கு மேல் வாழாது என்பதால், அது தெரிகிறதென்றால் அங்கே அண்மையில் பிரசவம் நடந்திருக்கிறது என்று பொருள்.

பாடே முதியோர் ஊர் என்று சொன்ன என்.ஜி.சி. 205இலேயே அந்தத் தூளி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுப்பகுதியில் நீல விண்மீன்களையும், பக்கத்தில் கரிய தூசித் திட்டுகளையும் பிற்பாடு அவரே பார்த்தார். தூசியும் வாயுவும் இருக்கும் இடத்தில்தான் விண்மீன் பிறக்கும். ஊரில் பெரும்பாலோர் முதியவர்கள் என்பது சரிதான். ஆனாலும் உள்ளே ஒரு வீட்டில் பிறப்பு நின்றுவிடவில்லை. இரண்டு குடி என்ற எளிய பகுப்பு அங்கேயே நெகிழத் தொடங்கியது. தாம் வகுத்த விதியை மீறும் ஒன்றை மறைக்காமல் எழுதிவைத்த அந்த மனிதரின் நேர்மையை மாணவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

அடுத்து 185, 147 என்ற இரண்டையும் பார்ப்போம். வானத்தில் இவை இரண்டுக்கும் இடையே இரண்டு முழுநிலவு அகலம்தான் இடைவெளி. பிரகாசமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றே தோன்றும். 185இன் நடுவில் வாயு இருக்கிறது, தூசி இருக்கிறது, இளம் விண்மீன்களும் இருக்கின்றன. 147இல் இவை எதுவும் இல்லை. துடைத்துவிட்ட வீடு. அப்படியானால் எது இளைய மண்டலம்? பார்த்தவுடன் 185 என்றுதான் சொல்வோம்.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி இந்த இரண்டையும் ஆழமாகப் படம் எடுத்தது. சூரியனைப் போன்ற மங்கலான மீன்கள்வரை எண்ணினார்கள். மார்லா கேஹா தலைமையிலான குழு 2015இல் வெளியிட்ட முடிவு இது: 185இன் விண்மீன்களில் சுமார் 70 சதவீதம் 1,250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டன. அதாவது பேரண்டத்தின் தொடக்க காலத்திலேயே என்று சொல்லலாம். 147இல் அப்படி முன்னரே பிறந்தவை 40 சதவீதம்தான். ஏறத்தாழப் பாதி விண்மீன்கள் 500 கோடி முதல் 700 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிறந்தவை. நம் சூரியன் பிறந்தது 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. எனவே தூளி தொங்கும் வீட்டில்தான் முதியவர்கள் அதிகம். வெறிச்சோடிய வீட்டில் இருப்பவர்கள் நடுவயதுக்காரர்கள்.

ஒரே மாதிரி தோன்றும் இருவருக்கு ஏன் இப்படி வெவ்வேறு வாழ்க்கை? ஒரு துப்பு இருக்கிறது. 147இன் இரு பக்கமும் விண்மீன்கள் நீண்ட வால்போல இழுபட்டுக் கிடக்கின்றன. 185க்கு அப்படி வால் இல்லை. ஆண்ட்ரோமெடா என்ற பெரிய வீட்டின் ஈர்ப்பு ஒன்றை உலுக்கியிருக்கிறது, மற்றதை அவ்வளவாகத் தொடவில்லை. எந்தப் பாதையில் சுற்றினார்கள், பெரியவரை எவ்வளவு நெருங்கினார்கள் என்பது பிள்ளைகளின் வாழ்க்கையைத் திருப்பியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நிறத்தை வைத்து வயது சொல்வதில் ஒரு சிக்கலும் உண்டு. அதைக் கண்ணால் காட்ட ஒரு பொருள் கொண்டுவந்திருக்கிறேன். இது ஒரு பழைய பாட்டு சி.டி. மேடைக்குப் பக்கத்தில் இரண்டு விளக்குகள் இருக்கின்றன. இரண்டும் மஞ்சளாகத்தான் தெரிகின்றன. ஒன்று சோடியம் விளக்கு. மற்றது மஞ்சள் சாயல் கலந்த வெள்ளை ஒளி தரும் புதிய எல்.இ.டி. நிறத்தை மட்டும் பார்த்து இரண்டும் பழைய விளக்கு என்று சொன்னால் தவறாகிவிடும். சி.டி.யைச் சாய்த்துப் பிடித்து, அதில் விளக்கின் வெளிச்சம் விரிவதைப் பாருங்கள். எல்.இ.டி.யின் வெளிச்சம் சிவப்பிலிருந்து நீலம் வரை தொடர்ந்து வருகிறது. சோடியம் விளக்கின் வெளிச்சம் சில பட்டைகளாக, இடையிடையே இருட்டு விழுந்து உடைந்து வருகிறது. இதற்குத்தான் நிறமாலை என்று பெயர். நிறம் ஏமாற்றும் இடத்தில் நிறமாலை உண்மையைச் சொல்லும்.

விண்மீன் சிவந்திருப்பதற்கும் இரண்டு காரணம் உண்டு. ஒன்று முதுமை. மற்றது அதற்குள் இருக்கும் இரும்பு முதலிய கனமான தனிமங்கள். ஹீலியத்தைவிடக் கனமான எல்லாவற்றையும் வானியலில் உலோகம் என்றே சொல்வோம். உலோகம் அதிகமானாலும் விண்மீன் சிவக்கும். முன்னோர் விண்மீன்கள் எரிந்து, வெடித்து, வெளியே வீசிய உலோகம் அடுத்த தலைமுறைக்குச் சேருகிறது. நம் ரத்தத்தில் ஓடும் இரும்பும் அப்படி வந்ததுதான். எனவே உலோகத்தின் அளவு அந்த ஊரில் எத்தனை தலைமுறை வாழ்ந்தது என்பதற்குச் சாட்சி. நிறத்தையும் நிறமாலையையும் சேர்த்துப் படித்தால்தான் வயது வேறு, பரம்பரை வேறு என்று பிரிக்க முடியும்.

தூளியும் சில நேரம் ஏமாற்றும். முதிய விண்மீன் ஒன்று பக்கத்துத் துணையிடமிருந்து பொருளை வாங்கிக்கொண்டு மறுபடியும் நீலமாகிவிடுவதுண்டு. இதைக் கண்டுபிடிக்கப் புற ஊதா ஒளி வேண்டும். அந்த ஒளியை நம் காற்றுமண்டலத்தில் உள்ள ஓசோன் தடுத்துவிடுகிறது. மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியா அனுப்பிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் புற ஊதாத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. பெங்களூரு இந்திய வான் இயற்பியல் மையம் முன்னின்று செய்தது. 2016இல் அன்னபூரணி சுப்பிரமணியம் அவர்களின் குழு, ஒரு பழைய விண்மீன் கொத்தில் அப்படி நீலமாய்த் திரிந்த ஒன்றுக்குப் பக்கத்தில், பொருளைக் கொடுத்துவிட்டு எரிந்துகொண்டிருந்த சூடான துணையை அந்தக் கருவியால் கண்டது. அதே கருவி ஆண்ட்ரோமெடாவையும் பகுதி பகுதியாகப் புற ஊதாவில் படம் பிடித்திருக்கிறது.

அந்தக் கருவியின் கண்ணாடி எவ்வளவு பெரியது தெரியுமா? விட்டம் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர். இந்த அளவைச் சொல்லும்போது எனக்குக் காவலூர் நினைவுக்கு வருகிறது. இங்கிருந்து வடகிழக்கே, வானவழியில் சுமார் 110 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையில், 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில், 1968இல் வேலை தொடங்கிய முதல் தொலைநோக்கியும் 38 சென்டிமீட்டர்தான். கொடைக்கானலில் செய்தது. இந்த இடத்தைத் தேடித் தேர்ந்தவர் வைணு பாப்பு. பாடே பணியாற்றிய அதே மவுண்ட் வில்சன், பாலோமர் வான்காணகங்களில் இளைஞராக ஆய்வு செய்தவர். நம்மிடமும் நல்ல இருட்டு இருக்கிறது என்று கண்டு அதைப் பயன்படுத்தியவர். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, மறைப்பதற்கு முன்பே அந்த மீனின் ஒளி குன்றியதைக் காவலூரும் பதிவு செய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அன்று உலகத்துக்குத் தெரிந்தது. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டபோது பாப்பு இல்லை. அவர் 1982இலேயே மறைந்துவிட்டார். வான்காணகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

இந்தச் சின்னஞ்சிறு மண்டலங்களுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கன்னி விண்மீன் மண்டலக் கொத்தைப் போன்ற பெரிய கூட்டங்களில் எண்ணிக்கையில் மிகுந்தவை இந்தக் குறு நீள்வட்ட மண்டலங்கள்தாம். அந்தக் கன்னிக் கொத்து ஐந்து கோடி ஒளியாண்டுக்கும் அப்பால். அங்கே விண்மீன்களைத் தனித்தனியாக எண்ணுவது மிக மிகக் கடினம். மொத்த வெளிச்சத்தை வைத்துத்தான் பெரும்பாலும் வயது சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு சரியா என்று எங்கே போய்ச் சரிபார்ப்பது? தனித்தனியாகவும் எண்ணலாம், மொத்தமாகவும் அளக்கலாம் என்ற வாய்ப்பு அருகில் இருக்கும் இந்த நான்கு பேரிடம்தான் நன்றாகக் கிடைக்கிறது. தொலைவில் உள்ளவற்றை வாசிக்க இவைதாம் அரிச்சுவடி.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாடேக்குக் கிடைத்த இருட்டு போரின் அச்சத்தால் வந்தது. அப்படி ஒரு காரணம் எந்த ஊருக்கும் வேண்டாம். ஆனால் இருட்டை நாம் விரும்பியே காப்பாற்ற முடியும். லடாக்கில் ஹான்லே வான்காணகத்தைச் சுற்றியுள்ள பகுதி 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராமத்தார் தங்கள் விளக்குகளுக்கு மூடி போட்டு, வெளிச்சம் தரைக்கு மட்டும் விழும்படி செய்துகொள்கிறார்கள். இந்தச் சேர்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் அதைச் செய்ய நமக்குப் பெரிய செலவு இல்லை. காப்பி உலர்த்தும் களத்தில் எரியும் விளக்குக்கு மேலே ஒரு தகரத் தொப்பி. விடுதிகளில் நள்ளிரவுக்கு மேல் வானத்தை நோக்கி எரியும் அலங்கார விளக்குக்கு ஓய்வு. நடக்கும் பாதையில் வெளிச்சம் குறையாது. வானம் மட்டும் திரும்பக் கிடைக்கும்.

தை அமாவாசை அன்று முன்னோர்களை நினைக்கிறோம். அன்று நிலவும் இல்லை. இரவு ஏழரை மணிக்கு வாசல் விளக்கை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை கால் மணி நேரம் பொறுத்திருங்கள். வடமேற்கில், பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே, அந்தப் புகைத்தடம் தெரியும். பள்ளியில் சிறிய தொலைநோக்கி இருந்தால் அதைத் திருப்புங்கள். தடத்தின் ஓரத்தில் எம்.32 உருண்டையாக நிற்கும். மறுபக்கம் என்.ஜி.சி. 205 இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி மங்கலாகப் படர்ந்திருக்கும். உங்கள் கண்ணுக்கு அது படலமாகத்தான் தெரியும். ஆனால் அதன் நடுவில் ஒரு தூளி ஆடிக்கொண்டிருப்பது உங்களுக்கு இப்போது தெரியும். குழந்தைகளைப் பக்கத்தில் நிறுத்தி, அதைச் சொல்லிக் காட்டுங்கள்.